காதுக்குக் கண் துணை

செஞ்சிக் கடைத்தெருவில் செவி மந்தமான முதியவர் பேரம் பேசுவதைக் கவனியுங்கள். கடைக்காரர் முகத்தை விட்டு அவர் பார்வை அகலாது. நானும் அக்கூட்டத்தில் ஒருவன். 2020-இல் முகக்கவசங்கள் உதடுகளை மறைத்தபோதுதான், நாங்கள் கண்ணாலும் கேட்டு வந்தோம் என்பது விளங்கிற்று.

நல்ல செவியுடையோரும் அப்படியே. ‘பா’ என்னும் ஒலியை, ‘கா’ என்று அசையும் வாயோடு இணைத்துக் காட்டினால், பலருக்கு ‘தா’ என்றே கேட்கும்! கண்ணை மூடினால் மீண்டும் ‘பா’தான். மக்கர்க், மெக்டொனால்டு என்னும் இருவர் 1976-இல் வெளியிட்ட வியப்பு இது.

கேளாமையுடன் பிறந்த குழந்தையின் மூளையில், ஒலிக்கென அமைந்த பகுதி வாளா இருப்பதில்லை; காட்சியையும் தொடுகையையும் அறியும் பணியை மேற்கொள்கிறது. ஆளில்லா வீட்டு முற்றத்தில் அண்டை வீட்டார் நெல் உலர்த்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்பட்டால் முற்றத்தை மீட்பது எளிதன்று. ஆதலால்தான் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில், செவிநரம்பைத் தூண்டும் காக்ளியர் கருவி ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொருத்தப்படுகிறது. அதன் பின்னரும் நெடிய பயிற்சி வேண்டும். கருவி ஒலியைத் தரும், அதைச் சொல்லாக்குவது மூளை.

உங்கள் தெருவில் கைதட்டியும் திரும்பாத மழலை உண்டா? ‘வளர்ந்தால் பேசும்’ என்று பாட்டிமார் சொல்லக்கூடும். காத்திராமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கூறுங்கள்.