தொழிலாளியின் கைத்தடம்

(மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு நினைவு நாளில் வானொலியில் வழங்கிய மறையுரை)



நாசரேத்து ஊரார் இயேசுவைப் பார்த்து, இவர் தச்சருடைய மகன்தானே என்று இளக்காரமாகப் பேசியதை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். ஊர்க்காரர்களுக்குக் கதவும் நுகத்தடியும் செய்து கொடுத்திருக்கக்கூடியவர் யோசேப்பு. அவர் கைபட்ட ஒரு மரத்துண்டுகூட இன்று நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் அதற்குப் பொன்னில் பேழை செய்திருப்போம்!

இன்று நாம் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசப் போகிறோம். மறையுரையில் கார் எதற்கு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். யோசேப்பைப் போன்ற பலருடைய கை அதில் பட்டிருக்கிறது.

1960களில் அமெரிக்க இளைஞர்களை மயக்கியவை ‘மசில் கார்கள்’. நடுத்தரமான வண்டிக்குள் மிகப் பெரிய எஞ்சினை வைத்து விற்றார்கள். அவற்றில் ஒன்று பிளிமத் ‘ஹெமி கூடா’. எஞ்சின் 426 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 7 லிட்டர். 425 குதிரைத்திறன். 1970ஆம் ஆண்டு மாடலில் நிலையான கூரை உள்ளவை 652, கூரையை மடிக்கக்கூடியவை வெறும் 14. பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு பல வண்டிகளைத் துருவாக்கித் தின்றது. பலவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தப்பிப் பிழைத்தவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். 2014இல் சியாட்டில் நகரத்து ஏலத்தில், 1971ஆம் ஆண்டின் திறந்த கூரை ஹெமி கூடா ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது.

இப்படிப்பட்ட வண்டியைப் புதுப்பிக்கிற வேலை சாதாரணமானதல்ல. கடைசி ஆணி வரை கழற்றுகிறார்கள். கூட்டைத் தனியே எடுத்து, கோழியைக் கம்பியில் கோத்துச் சுடுவதுபோலச் சுழலும் தாங்கியில் மாட்டி, அடிப்பாகத்தையும் மேலே திருப்பிச் சுரண்டுகிறார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்கிறார்கள். எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போனால் விலை பல மடங்கு! அதனால் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறிக்கும் மோசடியும் உண்டு. ஆலையில் அச்சிட்ட தயாரிப்புத் தாள், நாற்பது ஆண்டு கழித்து இருக்கையின் கம்பிச்சுருளுக்குள் கிடைத்தால், புதையலே கிடைத்ததுபோல் மகிழ்கிறார்கள்.

நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது இதுவல்ல. ஆலையில் அன்று சோதனை செய்த தொழிலாளி, போல்ட்டை முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு துளி பெயிண்ட் வைப்பார். தகட்டின்மேல் மெழுகுப் பென்சிலால் ஓர் எண்ணைக் கிறுக்குவார். ‘ஓகே’ என்று ஒரு முத்திரை குத்துவார். இன்று புதுப்பிப்பவர்கள் பழைய பூச்சைச் சுரண்டுமுன் இவற்றையெல்லாம் படம் எடுத்து, அதே இடத்தில், அதே கோணலோடு திரும்ப வரைகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் பெயிண்ட் வழிந்திருந்தால், அந்த வழிசலையும் வழியவிடுகிறார்கள்! ஆலையில் வந்ததைவிட அழகாக முடித்துவிட்டால் போட்டியில் மதிப்பெண் குறையும்.

இதை நாம் கேலி செய்யவில்லை. பெயர் தெரியாத ஒருவருடைய கோணல் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று வியக்கவே தோன்றுகிறது. ஆனால் அந்த மனிதர் எங்கே?

கூடா கார்களில் பெரும்பாலானவை டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் நகரில், டாட்ஜ் ஆலையில் பிறந்தவை. அந்த ஆலையை நம்பிப் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். தங்கள் கூலியில் காசு சேர்த்து, புனித ஃப்ளோரியன் பெயரால் அவர்கள் எழுப்பிய பெரிய கோயில் 1928இல் நிறைவுபெற்றது. பின்னாளில் கறுப்பின மக்களும் அரபு மக்களும் அந்த ஆலையில் உழைத்தார்கள். 1968 மே மாதத்தில், உற்பத்தி வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கறுப்பினத் தொழிலாளர் தங்களுக்கென ஓர் இயக்கமும் கண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வழியவிடும் அந்தப் பெயிண்ட், அடுத்த வண்டி வருமுன் முடிக்க வேண்டுமென்ற பதற்றத்தில் வழிந்ததாகவும் இருக்கலாம்.

ஆலை 1980இல் மூடப்பட்டது. அதே ஆண்டில், அந்த இடத்தோடு பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்து இன்னொரு கார் ஆலைக்குக் கொடுக்க நகராட்சி முடிவெடுத்தது. போல்டவுன் என்ற அந்தப் பகுதியிலிருந்து சுமார் 4,200 பேர் வெளியேற வேண்டியிருந்தது. அங்கிருந்த அமல உற்பவ அன்னை ஆலயத்தை விற்க உயர்மறைமாவட்டமும் ஒப்புக்கொண்டது. பங்குத்தந்தை எதிர்த்தார். பங்கு மக்கள் கோயிலின் அடித்தளத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கிப் போராடினார்கள். 1981 ஜூலையில் காவலர் வந்து அவர்களை அப்புறப்படுத்தினார்கள், கோயிலும் இடிக்கப்பட்டது. திருச்சபையைச் சேர்ந்த நாம் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது.

அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். இளமையில் கல்குவாரியிலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்தவர் அவர். உழைப்பின் மதிப்பை, செய்யப்பட்ட பொருளிலிருந்து அளக்காமல், உழைப்பவர் ஒரு மனிதர் என்பதிலிருந்து அளக்கவேண்டும் என்று அதில் விளக்கினார். 1987இல் ஹாம்ட்ராமிக்குக்கே வந்தார். தம் தாய்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரை வரவேற்றார்கள். டாட்ஜ் ஆலை அப்போது இல்லை. புனித ஃப்ளோரியன் கோயில் இருந்தது; இன்றும் இருக்கிறது.

தொடர்ந்து வரும் மன்றாட்டுகளில், அந்தத் தகடுகளில் எண் கிறுக்கியவர்களையும், போல்ட்டில் பெயிண்ட் வைத்தவர்களையும், அவர்களில் இறந்துபோனவர்களையும் சேர்த்துக்கொள்வோம். நமக்கு அவர்களின் பெயர் தெரியாது. கோணல் கையெழுத்து மட்டும் தெரியும்.