வாய் நாற்றம் வெட்கப்பட வேண்டியதல்ல, வைத்தியம் பார்க்க வேண்டியது

(கொழும்பில் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகத் தோழர்கள் போயா தினமொன்றில் கொட்டாஞ்சேனையில் கூடியபோது ஆற்றிய உரை)



சம்பளம், லீவு, ஈ.பி.எப். என்று பேசும் சங்கம் இன்று வாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நம் தங்கச்சி ஒருத்தியை, "வாய் மணக்குது, சனத்துக்குக் கிட்ட நிக்காதே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, பின்னால் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். அதோடு அவளுடைய விற்பனைக் கொமிஷனும் போனது. "தோட்டத்துப் பழக்கம்" என்ற பேச்சும் வந்தது. கூலியிலும் மரியாதையிலும் கைவைத்தால் அது சங்கத்தின் விஷயம்தான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். வாய் நாற்றத்துக்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை. பலர் நினைப்பதுபோல வயிற்றிலிருந்து வருவதும் அரிது. பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு அது வாய்க்குள்ளேயே பிறக்கிறது. நாக்கின் பின்பக்கத்திலும் பல்லிடுக்கிலும் முரசுக்கு அடியிலும் தங்கும் துணுக்குகளைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டை நாறுவதும் கந்தகத்தால்தான். கிருமிகளைக் கழுவித் தள்ளுவது உமிழ்நீர். தூக்கத்தில் அது குறைவதால் காலையில் எல்லோர் வாயும் மணக்கும், முதலாளியின் வாயும்தான்.

இப்போது நம் வேலைநாளைப் பாருங்கள். காலையில் வெறும் தேத்தண்ணி. பிறகு இரவுவரை நின்ற நிலை. கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறோம். வாய் காய்கிறது, நாற்றம் கூடுகிறது. தங்குமிடத்தில் பத்துப் பேருக்கு ஒரு குழாய். அங்கே வரிசையில் நின்று பல் விளக்குகிறவர் எத்தனை நிமிடம் விளக்குவார்? ஆகவே இதில் பாதி நம் பழக்கம், பாதி நம் வேலை நிலைமை. இரண்டையும் மாற்ற வேண்டும்.

நம் கையில் உள்ளதை முதலில் செய்வோம். புளோரைட் கலந்த பற்பசையால் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் பல் விளக்குவோம். இரவு விளக்குவதை விடவே கூடாது. கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டாம். நாக்கைப் பின்பக்கத்திலிருந்து முன்னுக்கு மெதுவாக வழிக்க வேண்டும். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நாற்றம் இருக்கிறதா என்று பார்க்க மணிக்கட்டை நக்கிப் பத்து விநாடி காயவிட்டு முகர்ந்து பாருங்கள். வாய் கழுவும் மருந்தும் ஏலக்காயும் கொஞ்ச நேரத்துக்கு மறைக்குமே தவிரக் காரணத்தைத் தீர்க்காது.

வெற்றிலையும் அப்படித்தான் மறைக்கிறது. மலையில் குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் நம் அம்மாமாருக்கு அதுதான் துணையாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எட்டு மணி நேரம் கொழுந்து பறிக்கிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்திருந்தால் வாயில் வெற்றிலை ஏன்? ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உறுதி செய்தது. புகையிலை இல்லாமல் போட்டாலும் ஆபத்து உண்டு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் விற்பனை 2016 செப்டெம்பர் 1 முதல் இந்த நாட்டில் தடை. அப்படியிருந்தும் மறைவில் விற்கிறார்கள், நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். முரசில் இரத்தம் வந்தாலும், பல் ஆடினாலும் காட்டுங்கள். பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது பொய். படிந்த காறைதான் பல்லை ஆட வைக்கிறது. பல் நன்றாக இருந்தும் நாற்றம் போகவில்லை என்றால் தொண்டை, மூக்குப் பீனிசம், நீரிழிவு என்று வேறு காரணம் இருக்கலாம். அதற்கும் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். கொழும்பு வோர்ட் பிளேஸில் தேசிய பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச பற்சிகிச்சை இலவசம். நேரமில்லை என்றும் சொல்லாதீர்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை நமக்கு உரியது. இரண்டாம் ஆண்டிலிருந்து சுகயீனத்துக்கும் சொந்தத் தேவைக்கும் வருடத்துக்கு ஏழு நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. மறுத்தால் சங்கத்திடம் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்தில் நிற்கும் தோழருக்கு வாய் மணந்தால் மூக்கைப் பொத்திச் சிரிக்காதீர்கள். தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, ஒருக்கா பல் டாக்டரிட்ட காட்டுவோமா, நானும் வாறேன்" என்று சொல்லுங்கள். ஒரு வரியில் சொல்லக்கூடிய அன்பு அது.

முதலாளிமாரிடம் நாம் கேட்பது மூன்று: வேலையிடத்தில் குடிதண்ணீர், தங்குமிடத்தில் போதிய குழாய்கள், வைத்தியத்துக்குப் போகத் தடையில்லாத லீவு. தோட்டங்களில் கேட்பது ஒன்று: தோட்ட மருத்துவ ஊழியர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லோர் வாயையும் திறந்து பார்க்க வேண்டும். பயிற்சி கொடுத்தால் அடிமட்டச் சுகாதார ஊழியர்களே வாய்ப் புற்றுநோயின் ஆரம்பத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்பதை 1980களிலேயே இலங்கையில் செய்து காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்க, முதலில் நாம் வெட்கப்படாமல் வாயைத் திறப்போம்.