சந்தைக்கு வழி கேட்ட நபித்தோழர்
(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைவீதியில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "பாய், யாவாரம் இல்லை." 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள். 2020 மார்ச்சில் கடையையே மூடச் சொன்னார்கள். பள்ளிவாசலும் பூட்டிக் கிடந்தது. இன்று வாடிக்கையாளர் கைப்பேசியிலேயே வாங்கிவிடுகிறார். படித்த இளைஞனோ விசாவுக்காக நாட்களை எண்ணிக் கொண்டிருக்கிறான். 'அல்லாஹ் பார்த்துக் கொள்வான்' என்கிறோம். நல்ல வார்த்தைதான். என்ன அர்த்தத்தில் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

கி.பி. 622-ல் மக்காவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு மதீனா வந்தவர்களில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஒருவர். தேர்ந்த வியாபாரி. நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனத்துச் செல்வந்தர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக ஆக்கினார்கள். என் சொத்தில் சரிபாதி உமக்கு என்றார் ஸஅத். மனதாரவே சொன்னார். (நாம் கூடப் பிறந்த தம்பிக்குரிய பங்கைக் கொடுக்கவே கோர்ட் வரை போகிறோம்!) அப்துர் ரஹ்மான் அவருடைய பரக்கத்துக்காக துஆச் செய்தார். பிறகு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்குப் போனார். திரும்பியபோது கொஞ்சம் பாலாடைக் கட்டியும் நெய்யும் கையில் இருந்தன. மறுநாளும் போனார். பின்னர் பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணமும் முடித்தார். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

கவனியுங்கள்! ஊர் புதிது. கையில் முதல் இல்லை. லாபம் வரும் என்று யாரும் அவருக்கு எழுதித் தரவில்லை. உணவளிப்பவன் அல்லாஹ் என்பது ஒன்றுதான் அவருக்கு நிச்சயம். அந்த நிச்சயம் அவரைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை, சந்தைக்கு நடத்திச் சென்றது. தவக்குல் என்பது இதுதான்.

நாம் என்ன செய்கிறோம்? வியாபாரம் படுத்தால் கல்லாவுக்கு மேலே தகடு மாட்டுகிறோம். இல்லையென்றால் வட்டிக்காரனைத் தேடுகிறோம். இரண்டுமே ஈமானை அரிப்பவை. ஆனாலும் வட்டிக்கு வாங்கியவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவன் முதலில் நம் வாசலுக்குத்தான் வந்திருப்பான்.

1400 வருடத்துக்கு முந்திய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1990 அக்டோபர் 30-ல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். கடைகளையும் சரக்கையும் விட்டுவிட்டு நடந்தார்கள். இலங்கையின் வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 75 ஆயிரம் பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். நேற்றுவரை முதலாளியாக இருந்தவர் கூலிக்குப் போனார். முகாமிலும் பாங்கு ஒலித்தது. அந்த மக்களுக்கு முழு நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. பொறுமை என்றால் அதைக் கேட்காமல் இருப்பது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

இளைஞர்களே! விசா வருகிறபோது வரட்டும். அதுவரை ஒரு தொழிலைக் கையில் எடுங்கள். தள்ளுவண்டியில் நிற்பது கேவலமல்ல.

முதலாளிமார்களே! ரமளானில் நூறு பேரை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை கொடுக்கிறோம். அடுத்த ரமளானிலும் அதே முகங்கள்! அந்த ஸகாத்தை மஹல்லா பைத்துல்மாலில் சேர்த்து, தகுதியுள்ள பத்துப் பேருக்கு வண்டியும் முதல் சரக்கும் வாங்கிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். வருகிற ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள்.