பலூன் சொன்ன பொய்

போன எபிசோட்ல பிரெட் ஏன் உப்புதுன்னு பேசினோம். அதைப் பேசி முடிச்ச கையோட வீட்ல ஒரு சோதனை பண்ணிப் பார்த்தேன். செம சொதப்பல். இன்னைக்கு அந்தக் கதைதான்.

ரெண்டு பாட்டில். ரெண்டுலயும் வெதுவெதுப்பான தண்ணி, நாலு ஸ்பூன் சர்க்கரை, ஒரே அளவு ஈஸ்ட், வாயில ஒரு பலூன். முதல் பாட்டில்ல, கொதிக்க வச்சு ஆறின தண்ணி, மேல ஒரு அடுக்கு எண்ணெய். காற்று கரையக் கூடாது இல்லையா, அதுக்காக. ரெண்டாவதுல பாதிக்கு மேல காலியா விட்டு, அப்பப்போ குலுக்கிட்டே இருந்தேன்.

பாடப்புத்தகக் கணக்கு என்ன? ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜனோட முழுசா சிதைஞ்சா 6 கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் இல்லாம நொதிச்சா 2 மட்டும், கூட 2 எத்தனால். அப்போ காற்று இருக்கிற பலூன் பெருசா வரணும்னு நினைச்சேன். வரல. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்.

அரை மணி நேரம் ஈஸ்ட் பாக்கெட்டைத் திட்டினேன். அப்புறம்தான் உறைச்சது, நான் எடுத்துக்கிட்ட மெட்ரிக்கே தப்பு. காற்றுச் சுவாசத்துல 6 கார்பன் டை ஆக்சைடு வெளியே வர்ற அதே நேரம் 6 ஆக்சிஜன் உள்ளே போகுது. மூடின பாட்டில்ல வாயுவோட மொத்த அளவு மாறாது! அந்த ரெண்டாவது பலூனை ஊதினதும் நொதித்தல்தான்.

காற்று இருக்கும்போது அது ஏன் நொதிக்கணும்? சர்க்கரை அதிகமா இருந்தா, ஆக்சிஜன் இருந்தாலும் பேக்கரி ஈஸ்ட் நொதிச்சுக்கிட்டேதான் இருக்கும். இதுக்குப் பேர் கிராப்ட்ரீ விளைவு. நாலு ஸ்பூன் போட்டது என் கைதானே! லூயி பாஸ்டர் 1861-லயே இன்னொரு பக்கத்தைச் சொல்லிட்டார்: காற்று கிடைச்சா ஈஸ்ட் நல்லா வளரும், ஆனா அந்த வளர்ச்சிக்குச் செலவாகிற சர்க்கரை ரொம்பக் குறைவு. நொதித்தல்ல ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிஞ்சும், அதனால பிழைக்கணும்னா சர்க்கரையை வேகமா காலி பண்ணியாகணும். ஆக, 'எது வேகம்'னு கேட்டா, சர்க்கரை தீர்ற வேகமா, செல் பெருகுற வேகமான்னு முதல்ல முடிவு பண்ணணும்.

ஒழுங்கா அளக்க ஓட்டோ வார்பர்க் பயன்படுத்தின முறை இருக்கு. மூடின ரெண்டு குடுவை, ரெண்டுலயும் காற்று. ஒண்ணுல மட்டும் தனிக் கிண்ணத்துல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிடும், அதனால அங்கே குறையுற வாயு முழுக்க ஈஸ்ட் எடுத்த ஆக்சிஜன். இன்னொண்ணுல கூடுற வாயு நொதித்தலோட பங்கு. ஒரே ஈஸ்ட், ரெண்டு வேகமும் தனித்தனியா கைக்கு வந்துடும்.

அந்த ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், அதனால வீட்ல வேணாம். காலேஜ் லேப் கைவசம் இருக்கிறவங்க, சர்க்கரையைப் படிப்படியா குறைச்சு இதைச் செஞ்சு பாருங்க. எண்களை மெயில் பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல உட்கார்ந்து பார்ப்போம்.