சுருளி அருவி வழக்கும் தூக்குக் கயிறும்

2011 மே மாதம் நம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2018-இல் தேனி நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, மரபணு மாதிரிகள் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை, குற்றம் நிரூபணமாகவில்லை என்று அவரை விடுவித்தது. அதற்குள் கயிறு முந்தியிருந்தால்?

தீர்ப்பு தவறலாம் என்பதற்காக மட்டும் திருச்சபை மரண தண்டனையை மறுக்கவில்லை. குற்றவாளியே ஆனாலும் அவருடைய மனித மாண்பு போய்விடுவதில்லை. அதனால்தான் திருத்தந்தை பிரான்சிஸ், அதே 2018-இல், மறைக்கல்வி ஏட்டையே திருத்தினார்.

“பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா, சாமி?” என்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த இரு குடும்பங்களுக்கும், கொன்றது யார் என்று சொல்லச் சட்டத்திடம் இன்று விடையில்லை. இன்றிரவு செபமாலையில் அவர்களையும், சிறை மீண்ட அந்த மனிதரையும் சேர்த்தே ஒப்புக்கொடுங்கள்.