கோட்டையும் சந்தைச் சதுக்கமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பிரான்ஸ் தேசம் சென்று வந்தேன் என்றதும் எல்லோரும் பாரிஸ் நகரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். அந்நகரில் நான் தங்கியது இரண்டே நாட்கள். எஞ்சிய நாட்களைத் தேசத்தின் தென்மேற்கே டோர்டோஞ் நதி பாயும் பிரதேசத்தில், கிராமங்களிலேயே கழித்தேன். மக்காச்சோள வயல்களும், அக்ரோட்டு மரத் தோப்புகளும், அவற்றினிடையே ஓட்டு வீடுகளுமாக உள்ள நாடு அது.

அந்நதியின் இரு கரைகளிலும் குன்றுகள்தோறும் கோட்டைகள் நிற்கின்றன. ஒரு கரையில், செங்குத்தான பாறையின் உச்சியில் பேனாக் கோட்டை. மறு கரையில் கஸ்டெல்னோ கோட்டை. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெளிவாகத் தெரிகிறது. 1337 முதல் 1453 வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடைபெற்ற போரில், முன்னது பிரெஞ்சு மன்னர் பக்கமும், பின்னது நெடுங்காலம் ஆங்கிலேயர் பக்கமும் நின்றன. இரண்டுக்கும் நடுவே ஏர் பிடித்தவன் பாடு எவ்வாறிருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் கஸ்டெல்னோ கேட்பாரற்றுப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வீடு கட்ட விரும்பியவர்கள் அதன் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். 1966இல் அது வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாப்புப் பெற்றது. இப்பொழுது அங்கே பழைய போர்க்கருவிகளின் காட்சிசாலை இருக்கிறது. மதில்களை இடிக்கக் கல்லெறியும் பெரும் மரப் பொறிகளைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கின்றனர்.

கோட்டைகளைப் பார்த்து ஒருவாறு அலுத்த பின்னரே மோன்பாசியே என்னும் சிற்றூருக்குச் சென்றேன். நான் சொல்ல வந்தது இவ்வூரைப் பற்றித்தான். இன்று அங்கே வாழ்வோர் சுமார் ஐந்நூறு பேர். ஆயினும் ஊரின் அமைப்பைக் கண்டு நான் வியந்து நின்றேன்.

இவ்வூர் தானாக வளர்ந்ததன்று. கயிறு பிடித்து அளந்து உண்டாக்கப்பட்டது. அக்காலத்தில் அப்பகுதி இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ஆட்சியில் இருந்தது. அருகிலுள்ள பிரோன் கோட்டையின் பிரபு நிலம் கொடுக்க, மன்னர் காவலும் அதிகாரமும் கொடுக்க, 1284இல் ஊர் நிறுவப்பட்டது. இவ்விதமான புது ஊர்களைப் 'பாஸ்டிட்' என்பர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் தென்மேற்கில் இவை நூற்றுக்கணக்கில் தோன்றின. பிரபு செய்தது தருமம் என்று எண்ணிவிடக் கூடாது. காடாகக் கிடக்கும் நிலம் வரி தராது. குடியேறிய நிலம் வரியும் தரும், சந்தைச் சுங்கமும் தரும். ஆனால் குடிகளை வரவழைக்க வேண்டுமானால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுத்தாக வேண்டுமல்லவா?

கொடுத்தது இதுதான். வந்து குடியேறிய குடும்பத்துக்கு வீடு கட்ட ஒரு மனை, காய்கறி பயிரிட ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், உழுவதற்கு நிலம். வீட்டு மனைகள் யாவும் ஏறக்குறைய ஒரே அளவு: அகலம் சுமார் 8 மீட்டர், நீளம் சுமார் 20 மீட்டர். வீட்டுக்கு முன்னால் வண்டி செல்லும் தெரு; பின்னால் ஒரு சந்து. அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே ஒருவர் நுழையவும் முடியாத சிறு இடைவெளி விட்டிருக்கிறார்கள். தீ பரவாமலிருக்கவும், கழிவுநீர் வடிந்து செல்லவும் செய்த ஏற்பாடு அது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சாக்கடைக்கு இடம் ஒதுக்கிய பிறகே சுவரெழுப்பினார்கள் என்பதைக் கேட்டு, நம் அங்கத்தினர்களில் சிலர் புன்னகை செய்வதை நான் கவனிக்கிறேன்.

ஊரின் நடுவே சந்தைச் சதுக்கம். அதைச் சுற்றிலும் உள்ள வீடுகளின் மாடி, கல் வளைவுகளின் மேல் முன்னே நீண்டிருக்கிறது. ஆகையால் கீழே மழையும் வெயிலும் படாமல் நடக்கலாம், கடையும் வைக்கலாம். ஒரு பக்கத்தில் மரத் தூண்கள் தாங்கும் சந்தைக் கொட்டகை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் மரக்காலைப் போலத் தானியம் அளப்பதற்கான பழைய அளவைகளை அதனுள் இன்றும் வைத்திருக்கிறார்கள். விற்பவனும் வாங்குபவனும் ஊர்ப் பொது அளவையில், எல்லோரும் காணும்படி அளந்துகொள்ள வேண்டும். கோட்டைகளில் கண்ட பீரங்கிகளை நான் மறந்துவிட்டேன். இந்த அளவைகளை மறக்கவில்லை.

இத்தகைய ஊர்களுக்கு எழுத்து மூலமான சாசனம் உண்டு. 'கான்சல்' எனப்படும் ஊர்ப் பிரதிநிதிகள் பொதுக் காரியங்களைக் கவனித்தனர். ஆயினும் சாசனம் எல்லாத் துன்பத்தையும் தடுத்துவிடவில்லை. 1637இல், பதின்மூன்றாம் லூயி மன்னரின் போர்ச் செலவுக்காக ஏறிய வரிச்சுமை பொறுக்காமல் அப்பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய தலைவர்களுள் ஒருவர் புஃபாரோ என்னும் நெசவாளி. அவரைப் பிடித்துவந்து, இதே சதுக்கத்தில் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். இன்று அங்கே மேசைகளைப் போட்டு மக்கள் காப்பி அருந்துகின்றனர். நானும் அருந்தினேன். செய்தியைக் கேட்ட பிறகு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சிறிது நேரம் இருந்துவிட்டேன்.

பிரபுக்களின் சலுகைகள் 1789ஆம் ஆண்டுப் புரட்சியில் ஒழிந்தன. அவ்வாண்டு இறுதியில் இயற்றிய சட்டப்படி, ஊர்தோறும் 'கொம்யூன்' என்னும் ஆட்சி ஏற்பட்டது. இன்று பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் உள்ளன. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை! ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த மன்றமும், அம்மன்றம் தேர்ந்தெடுக்கும் மேயரும் உண்டு. மோன்பாசியே ஊருக்கு நிலம் கொடுத்த பிரோன் கோட்டை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதை 1978இல் டோர்டோஞ் மாவட்ட நிர்வாகமே விலைக்கு வாங்கிப் பராமரித்து வருகிறது.

இன்னொரு செய்தி. செந்நிறக் கல்லால் கட்டிய கொலோஞ் லா ரூஜ் என்னும் கிராமத்தின் மேயராயிருந்த சார்ல் செராக், 1982இல் அழகிய கிராமங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 2,000 பேருக்கு மேல் வாழும் ஊர் அதில் சேர முடியாது. பாதுகாப்புப் பெற்ற சின்னங்களோ இடங்களோ இரண்டேனும் இருக்க வேண்டும். சேர விரும்புவதாக ஊர் மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பராமரிப்பில் தவறினால் நீக்கிவிடுவார்கள். மோன்பாசியே, பேனாக், கஸ்டெல்னோ மூன்றுமே இதில் அங்கம் வகிக்கின்றன.

இதனால் யாத்திரிகர்கள் வருகிறார்கள், வருமானமும் வருகிறது. ஆனால் முழு நன்மை என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து ஊர் மன்ற அங்கத்தினர் ஒருவர், அக்ரோட்டு பயிரிடுபவர், என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "கோடையில் தெருவில் நடக்க இடமில்லை. ஜனவரியில் விளக்கெரியும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளியூரார் நல்ல விலை கொடுத்து வீடுகளை வாங்கிவிடுகிறார்கள், எங்கள் பிள்ளைகளால் வாங்க முடியவில்லை" என்றார். பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்களே என்பது அவருடைய பெருங்கவலை. கல்லைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, குடித்தனத்தைக் காப்பாற்ற என்ன செய்வது என்று என்னையே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வியாழக்கிழமைச் சந்தையில். பகலில் சந்தை கலைந்தது. அவர் விற்காத அக்ரோட்டுக் கூடைகளை வண்டியில் ஏற்றினார். அன்று மாலை அவர் ஊர் மன்றம் கூடுகிறதாம். ஊர்ப் பொதுவில் உள்ள ஒரு பழைய வீட்டைப் பழுது பார்த்து, பிள்ளைகளுள்ள குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடுவதா, யாத்திரிகர் தங்க விடுவதா என்பதே அன்றைய விவாதம். முடிவு தெரியுமுன் நான் புறப்பட வேண்டியதாயிற்று.