ஏற எளிய மலை



ஏற இயலாத மலைகளைப் புலவர்கள் நிறையப் பாடியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, ஏற எளிதான ஒரு மலையைப் பற்றி.

அவுஸ்திரேலியாவின் நடுவே, அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வீதி வழியே ஏறத்தாழ 450 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது உலுரு. சமவெளியிலிருந்து அதன் உயரம் 348 மீற்றர். மேற்குப்புறம் ஒரே பாறைச் சரிவு. 1964இல் அதில் பிடிசங்கிலி பொருத்தினார்கள். மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் ஏறினார்கள். வழுக்கி வீழ்ந்தும், வெயிலில் இதயம் நின்றும் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அம்மண்ணின் மக்கள் அணங்கு எனப்படுவர். மலையில் உறையும் நமது சங்க கால அணங்கோடு இச்சொல்லுக்கு உறவில்லை. அவர்கள் மொழியில் அதற்கு மனிதர் என்றே பொருள். அந்தச் சரிவு, மாலா என்னும் அவர்களது மூதாதையர் ஏறிய புனித வழி. அங்கே அந்நியர் இறந்தாலும் துக்கம் தங்களுடையது என்றார்கள். வரிசையாக ஏறுவோரை ‘மிங்கா’ என்றார்கள், அதாவது, எறும்புகள். அச்சொல்லில் நகைப்பும் உண்டு, நோவும் உண்டு.

1985இல் நிலவுரிமை அவர்களிடம் மீண்டது. ஏற்றம் நிற்கவில்லை. ‘ஏறாதீர்கள்’ என்று பலகை வைத்துக் கேட்டார்கள். பலர் அதைக் கடந்து ஏறினார்கள். 2019 ஒக்டோபர் 26இல் வழி மூடப்பட்டது. அதற்கு முந்திய நாளிலும் கூட்டம் முண்டியடித்தது!

படலை திறந்து கிடந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்டே உள்ளே போவது நமது வழக்கம். மலைக்கும் வீட்டுக்காரர் உண்டு. உலுருவின் அடிவாரத்தை இன்றும் சுற்றி நடக்கலாம்; பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அண்ணாந்து பார்த்தபடி நடப்பவருக்கும் மலை தன்னைக் காட்டும்.